இ-கோர்ட்ஸ் செயலி: புதிதாக வரும் ஜூனியர் வக்கீல்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பார் கவுன்சிலில் பதிவு முடித்து எங்கள் ஆபீசுக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "மேடம், என்னென்ன வாங்கணும்?" கவுனும் கழுத்தில் கட்டும் பேண்டும் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். லேப்டாப் வாங்கலாமா, தீர்ப்புத் திரட்டுக்குச் சந்தா கட்டலாமா என்று மனசுக்குள் கணக்கு ஓடும். வீட்டில் பணம் கேட்கக் கூச்சப்படும் வயது அது. லேப்டாப்பும் சந்தாவும் ஆபீசில் இருக்கின்றன, அதை வைத்து ஓட்டு, போனில் ‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ செயலியை இறக்கிக்கொள், நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவேன். அந்தச் செயலியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று காட்டும் இந்தச் செயலி இலவசம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டிக்காகத் தேசிய தகவல் மையம் உருவாக்கியது. மாவட்ட நீதிமன்றங்கள், உயர் நீதிமன்றங்கள் என்று உள்ளே இரண்டு பிரிவுகள். நான் பாளையங்கோட்டையில் பிராக்டிஸ் செய்கிறேன். சிவில் டிரயல், செக் கேஸ், கொஞ்சம் கிரிமினல். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆகவே இது மாவட்டத் தலைநகர் கோர்ட்டில் நாள் முழுக்க நிற்கிற ஒருத்தியின் பார்வை. பெரிய நகரங்களில் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் ஆபீசில் சேர்ந்தவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் சி.என்.ஆர். எண்ணைப் பற்றி. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. முதல் நான்கும் மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும் எழுத்துகள், அடுத்த இரண்டு எண்கள் கோர்ட்டுக்கு, அதன் பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு வருடம். வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு மாறினால் நம்பர் மாறிவிடும், வழக்குக் கட்டின் மேல் எழுதிய ஓ.எஸ். (சிவில் அசல் வழக்கு) எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. அப்போது கைகொடுப்பது சி.என்.ஆர். எண்தான். ஆபீசில் உள்ள எல்லாக் கட்டின் முகப்பிலும் இந்த எண்ணை எழுதி முடிப்பதைத்தான் புது ஜூனியருக்கு முதல் வேலையாகக் கொடுக்கிறேன். பார்க்கக் குமாஸ்தா வேலை மாதிரித் தெரியும். ஆனால் அந்த வேலை முடியும்போது, ஆபீசில் என்னென்ன கட்டு இருக்கிறது, எது எந்த கோர்ட்டில் நிற்கிறது, எந்தக் கட்சிக்காரருக்கு நாலு வழக்கு இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வேறு எந்த வழியிலும் அவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்ள முடியாது.

எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர், எஃப்.ஐ.ஆர். எண் என்று பல வழிகளில் தேடலாம். பெயரை வைத்துத் தேடும்போது நம் ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலையாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். இசக்கியம்மாள் என்ற பெயரை ஒருவர் ‘ஐ’ எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் ‘ஈ’ எழுத்தில். சண்முகத்துக்கு ‘ஹெச்’ போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு. முழுப் பெயரை அடிக்காமல் எல்லா வகையிலும் மாறாமல் வரும் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் அடித்து, வருடத்தைக் கொடுத்துத் தேடுங்கள். சொத்து வாங்க வரும் ஒருவருக்கு அந்த நிலத்தின் மேல் வழக்கு உண்டா என்று பார்க்கும்போது இந்தப் பொறுமை மிக முக்கியம். ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "வழக்கு எதுவும் இல்லை" என்று லீகல் ஒப்பீனியனில் எழுதக் கூடாது. பட்டா மாறுவதற்கு முன்பிருந்த பழைய உரிமையாளரின் பெயரிலும், அவருடைய வாரிசுகளின் பெயரிலும் தேட வேண்டும்.

இந்தச் செயலியில் ஜூனியர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கைத் திறந்ததும் மேலே அடுத்த வாய்தா தேதி தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே போனால் வழக்கு வரலாறு என்று ஒரு பட்டியல் இருக்கும். எந்தெந்தத் தேதியில் எந்த நீதிபதி முன்னால் வந்தது, எதற்காக வந்தது என்று வரிசையாக இருக்கும். அதில் உள்ள தேதி ஒன்றைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்ற குறிப்பு திறக்கும். "பிரதிவாதி ஆஜர், ரிட்டன் ஸ்டேட்மென்ட் தாக்கல் இல்லை, கடைசி வாய்ப்பு" என்கிற மாதிரி இரண்டு வரி. (ரிட்டன் ஸ்டேட்மென்ட் என்பது பிரதிவாதியின் எதிருரை.) அந்த இரண்டு வரியில்தான் வழக்கே இருக்கிறது.

என் சீனியரிடம் நான் வாய்தா தேதியைச் சொன்னால், தலையைத் தூக்காமலே, "தேதி கெடக்கட்டும்ட்டீ, எதுக்குப் போட்டிருக்கு?" என்பார். எதற்கு என்று சொன்னால், "அதுக்கு நாம என்ன செய்யணும்?" என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் ஜூனியர் என்ற நிலையைத் தாண்டத் தொடங்கிவிட்டீர்கள். தேதியைச் செயலி சொல்லும். எதற்கு என்பதையும் ஓரளவு சொல்லும். அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது எந்தத் திரையிலும் வராது.

உதாரணத்துக்கு, திரையில் "பேட்டா பாக்கி" என்று வருகிறது. சம்மன் அனுப்பக் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டவில்லை என்று பொருள். அப்படியே விட்டால் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 2இன்படி வழக்கு தள்ளுபடி ஆகலாம். இதைப் படித்த ஜூனியர் அன்றைக்கே பேட்டா மெமோ போட்டுவிட்டுச் சீனியரிடம் தகவல் சொல்ல வேண்டும். "என்.பி.டபிள்யு. நிலுவை", அதாவது ஜாமீனில் விட முடியாத வாரண்ட் நிலுவை, என்று வந்தால், கட்சிக்காரரை வரவழைத்து வாரண்ட் ரீகால் மனு தயார் செய்ய வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70(2), 2024 ஜூலை 1இலிருந்து நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா) சட்டத்தில் 72(2). குற்றம் சாட்டப்பட்டவர் அன்று வர முடியாதபோது போடும் மனுவை கோர்ட்டில் இன்னமும் எல்லாரும் "317 பெட்டிஷன்" என்றுதான் சொல்கிறார்கள். புதிய சட்டத்தில் அது 355. பேச்சு வழக்கில் பழைய எண்ணும் மனுவில் புதிய எண்ணுமாக இரண்டும் உங்கள் நாக்கில் இருக்க வேண்டிய காலம் இது. முன்ஜாமீன் 438இலிருந்து 482 ஆனது. முன்பு 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அது இப்போது 528. இந்த 482 விஷயத்தில் மட்டும் ஒரு ஜூனியர் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பழைய தீர்ப்பில் வரும் 482 வேறு, புதிய மனுவில் வரும் 482 வேறு.

"ரிட்டன் ஸ்டேட்மென்ட்டுக்கு" என்று மூன்றாவது முறையாக வந்தால் என்ன செய்வது? சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், காரணம் எழுதி நீட்டித்தால் 90 நாள் என்பது கட்டளை 8 விதி 1. சாதாரண சிவில் வழக்கில் இந்த 90 நாள் இரும்புச் சுவர் அல்ல என்று சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வணிக வழக்கு என்றால் கதையே வேறு. 120 நாள் முடிந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். திரையில் இரண்டு வழக்கும் ஒரே மாதிரி வார்த்தையில்தான் தெரியும். எந்த வகை வழக்கு என்று பார்த்து, சம்மன் கிடைத்த தேதியைக் கண்டுபிடித்து, பென்சிலால் கட்டின் ஓரத்தில் கடைசித் தேதியை எழுதி வைக்கும் ஜூனியரை எந்தச் சீனியரும் இழக்க விரும்ப மாட்டார்.

‘மை கேசஸ்’ என்ற பகுதியில் ஆபீஸ் வழக்குகளைச் சேமித்துக்கொள்ளலாம். தினமும் புதுப்பித்தால் இன்றைக்கு எது எது இருக்கிறது என்று காட்டும். இந்தப் பட்டியல் உங்கள் போனில்தான் இருக்கும் என்பதால், போன் மாறினாலோ தொலைந்தாலோ போய்விடும். எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது. வாரம் ஒரு முறை எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மாறும்போது பழைய ஆபீசின் பட்டியலை அழித்துவிடுவது மரியாதை. அந்த வழக்குகளும் அந்தக் கட்சிக்காரர்களும் அந்தச் சீனியரை நம்பி வந்தவர்கள்.

இவ்வளவு வசதி இருக்கும்போது டைரி எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செயலியில் வருவதெல்லாம் கோர்ட் ஊழியர் கணினியில் ஏற்றிய பிறகு வருவது. நீதிபதி வாய்தா சொல்வார், பெஞ்ச் கிளார்க் ‘ஏ டைரி’ என்ற கோர்ட் பதிவேட்டில் குறிப்பார், பிறகு அது கணினியில் ஏறும். மாலையில் ஏறலாம், அடுத்த நாளும் ஏறலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டுகளை அந்த ஊழியர் புரட்டுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கோர்ட் ஹாலில் நின்றபோது காதில் விழுந்த தேதி உங்கள் டைரியில் இருந்தால், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடியும். ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த நாள் காலை 10.30க்கு முன்னால் பெஞ்ச் கிளார்க்கிடம் பணிவாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். வெறும் செயலியை மட்டும் நம்பினால் ஒத்துப்பார்க்க எதுவுமே இருக்காது. பக்கத்து ஆபீஸ் ஜூனியர் ஒருவர் இப்படிச் செயலியை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிட, பிரதிவாதியை ஆஜராகாதவர் என்று எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்கள். அதை ரத்து செய்ய மனு போட்டு, செலவுத் தொகை கட்டி, பல மாதம் அலைந்தது கட்சிக்காரர்தான்.

டைரியில் இன்னொன்றும் எழுதலாம், செயலியில் ஒருநாளும் வராதது. நீதிபதி என்ன கேட்டார், எதிர்த்தரப்பு வக்கீல் எதைச் சொல்லி நேரம் வாங்கினார், எந்த ஆவணத்தைக் காட்டச் சொன்னார், சாட்சி எந்தக் கேள்விக்குத் தயங்கினார். குறுக்கு விசாரணையில் சாட்சி சொன்ன பதிலைவிட, பதிலுக்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்ட நேரம் சில சமயம் முக்கியம். அது சாட்சியத்தைப் பதியும் டெபொசிஷனில் ஏறாது. உங்கள் டைரியில் ஏற வேண்டும். என் முதல் சில வருட டைரிகளை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். மேல்முறையீட்டுக்கு மதுரைக்குப் போகும் கட்டுகளுக்கு அந்தக் குறிப்புகள் உதவியிருக்கின்றன.

இந்தச் செயலியை ஜூனியர்கள் வேறு ஒரு விதமாகவும் பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. தங்கள் வழக்குக்காக மட்டும் அல்லாமல், படிப்பதற்காக. காஸ் லிஸ்ட் பகுதியில் எந்த கோர்ட்டின் அன்றாட வழக்குப் பட்டியலையும் எடுத்துப் பார்க்கலாம். நாளைக்கு எந்த கோர்ட்டில் சாட்சி விசாரணை, எங்கே ஆர்க்யுமென்ட் என்று முந்தின நாள் மாலையே தெரிந்துவிடும். உங்கள் கால் ஒர்க் (காலையில் வழக்குகளை அழைக்கும்போது உள்ள வேலை) முடிந்ததும் கேண்டீனுக்குப் போகாமல் அந்த கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். செஷன்ஸ் கோர்ட்டில் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்வதை ஒரு முறை முழுசாகக் கேட்டால், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை எப்படிப் படிக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். சப் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை விசாரிப்பதைக் கேட்டால், வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவைக் கல்லூரியில் படித்ததைவிடத் தெளிவாகப் படித்துவிடலாம். நல்ல வக்கீல் என்று பேரெடுத்தவர்களை மட்டும் கேட்க வேண்டும் என்றில்லை. தடுமாறுகிறவரிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது. எந்தக் கேள்வியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று நமக்கே தெரியும்.

முடிந்த வழக்குகளையும் தேடலாம். தீர்ப்பு பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். நம் மாவட்டத்திலேயே முடிந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பை எடுத்து, அதில் கோர்ட் சுருக்கிச் சொல்லியிருக்கும் வாதியின் தரப்பை மட்டும் படித்துவிட்டு, மீதியை மூடி வைத்துவிட்டுப் பிராதை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு இஷ்யூக்களை, அதாவது கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, எழுதுங்கள். பிறகு திறந்து, நீதிபதி எழுதிய இஷ்யூக்களோடு ஒப்பிடுங்கள். பணம் கட்டிப் போகும் டிராஃப்டிங் வகுப்புகள் சிலவற்றுக்கு என் ஜூனியர்கள் போய்வந்திருக்கிறார்கள். இந்தப் பயிற்சி கொடுத்த பலனை அவை கொடுக்கவில்லை என்பது என் கணிப்பு. ஏனென்றால் இங்கே உங்கள் பிராதில் ஒரு முக்கியமான சங்கதியை விட்டுவிட்டால், அதன் விளைவு என்ன என்று தீர்ப்பே காட்டிவிடும்.

இனி, செயலியால் செய்ய முடியாத இடத்துக்கு வருகிறேன். முதலாவது, காலவரம்பு. திரையில் "டிஸ்போஸ்டு" என்று வந்ததும் வழக்கு முடிந்ததாக நினைத்துப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். தோற்ற கட்சிக்காரருக்கு அன்றைக்குத்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். எக்ஸ்பார்ட்டி டிகிரியை (தீர்ப்பாணையை) ரத்து செய்ய 30 நாள். காலவரம்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி நகல் வாங்க ஆகும் நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகல் மனு போட்டால்தான் கழிக்க முடியும். அதனால் தீர்ப்பு சொன்ன அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, நகல் மனு போட்டுவிட வேண்டும். அதன் பிறகு கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டும். கேட்ட பிறகு நாம் கட்டாமல் கடத்திய நாள்கள் நம் கணக்கில்தான் விழும். சான்றிட்ட நகலில் மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாக முத்திரையோடு இருக்கும். அந்தத் தேதிகளை வைத்துக் கணக்குப் போடத் தெரிந்த ஜூனியர் இருக்கும் ஆபீசில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் பிரிவு 5 மனு எழுத வேண்டிய அவசியம் அபூர்வம்.

செயலியிலிருந்து இறக்கிய தீர்ப்பு படிக்க மட்டும்தான். சான்றிட்ட நகலுக்கு அது மாற்று ஆகாது. புதுப் பிள்ளைகள் அதைப் பிரிண்ட் எடுத்து மேல்முறையீட்டோடு இணைத்துவிட்டு, கட்டு ரிட்டர்ன் ஆனதும் ஏன் என்று கேட்கிறார்கள்.

செக் கேஸில் வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே காலக்கணக்கு முடிந்துவிடுகிறது என்பதால் செயலிக்கு அங்கே வேலையே இல்லை. செக் திரும்பிவிட்டது என்று பேங்க் கொடுக்கும் ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் ஜூனியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மெமோ உங்க கைக்கு என்னைக்கு வந்துச்சு?" என்பது. ரிமாண்ட் கேஸிலும் அப்படித்தான். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கெடு 60 நாளா 90 நாளா என்று குற்றத்தைப் பார்த்து முடிவு செய்து, ரிமாண்ட் செய்த அந்த முதல் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா என்பதைச் செயலி காட்டும் வரை காத்திருக்காமல் நேரில் போய் கோர்ட் ஆபீசில் கேளுங்கள். அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் ஒருவர் உள்ளே இருப்பதா வெளியே வருவதா என்பது இருக்கிறது.

கட்சிக்காரர்களும் இந்தச் செயலியை வைத்திருக்கிறார்கள் என்பதை ஜூனியர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்காரரின் மகன் பெங்களூரிலிருந்து பார்த்துவிட்டு, "போன வாய்தாவுல நம்ம வக்கீல் ஆஜராகலன்னு போட்டிருக்கே" என்று போன் செய்வார். இதை நான் நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன். முன்பெல்லாம் வாய்தா அன்று என்ன நடந்தது என்பதைக் கட்சிக்காரருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். இப்போது அவருக்கே தெரியும். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. வாய்தா அன்று மாலையே ஜூனியர் ஒரு செய்தி அனுப்பிவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்: இன்று இது நடந்தது, அடுத்த தேதி இது, அன்று நீங்கள் வர வேண்டும் அல்லது வர வேண்டாம், அதற்குள் இந்த ஆவணம் தேவை. சொந்தத் தமிழில் எழுதுங்கள். திரையை அப்படியே படம் பிடித்து அனுப்புவதை நான் அனுமதிப்பதில்லை. படித்துக் குழம்பிப்போகிறார்கள். போக்சோ வழக்கு, குடும்ப வழக்கு சம்பந்தப்பட்ட எதையும் எந்தக் குழுவிலும் பகிரவே கூடாது. போக்சோ சட்டம் 23ஆம் பிரிவின்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

தீர்ப்புத் தேடலுக்கு இந்தச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளம் இருக்கிறது, 2023 ஜனவரியிலிருந்து இலவசம். 2008இலிருந்து இயங்கும் இந்தியன் கானூனும் இருக்கிறது. இரண்டிலும் தேடுங்கள். ஆனால் ஒரு தீர்ப்பை நீதிபதி கையில் கொடுப்பதற்கு முன் முழுவதும் படியுங்கள், பிந்தைய தீர்ப்பு எதுவும் அதை மாற்றவில்லையே என்று பாருங்கள். தலைப்புக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுந்து நிற்கும் ஜூனியரை, "பத்தி 14ல என்ன சொல்லியிருக்கு?" என்று நீதிபதி கேட்டால் அன்றைய நாள் வீணாகிவிடும்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் செயலி வந்த பிறகு வாய்தா தேதி விசாரிக்கும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. முன்பு அதற்காகவே ஜூனியர்களை வைத்திருந்த ஆபீஸ்கள் உண்டு. இப்போது, "தேதி போனிலேயே தெரியுது, உனக்கு எதுக்குப்பா சம்பளம்" என்று கேட்கும் குரலும் ஆங்காங்கே கேட்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. தேதி விசாரிக்கும் நேரம் மிச்சமானால் அந்த நேரத்தில் ஜூனியர் மனு எழுத வேண்டும், பிராது எழுத வேண்டும், சின்ன மனுக்களில் எழுந்து நின்று வாதாட வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்கும்படி சுற்றறிக்கை அனுப்பத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று பரிந்துரைத்தது. எங்கள் பக்கம் எல்லா ஆபீசிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்பதற்கு உங்களிடம் இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது. சேரும் அன்றே பணிவாக, தெளிவாகக் கேளுங்கள்: மாதம் எவ்வளவு, எழுதப் பழக்குவீர்களா, எப்போது ஆஜராக விடுவீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஆபீசில் முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தாலும் நான் யோசிப்பேன். வீட்டு நிலைமை கஷ்டமான பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம், அதையும் அறிவேன். அவர்கள் சம்பளத்தை முன்னால் வைப்பதில் எந்தத் தப்பும் இல்லை.

குமாஸ்தா அண்ணாச்சிகளை இந்தச் செயலி ஓரங்கட்டிவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. எங்கள் ஆபீஸ் அண்ணாச்சி ஸ்மார்ட்போனைத் தொடுவதே இல்லை. ஆனால் எந்தக் கட்டு எதற்காக ரிட்டர்ன் ஆகும், எவ்வளவு கோர்ட் ஃபீஸ் ஒட்ட வேண்டும், எந்த செக்‌ஷனில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கட்டு ரிட்டர்ன் ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் குறிப்பை அவர் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ரீபிரசன்ட் (மறுபடி தாக்கல்) செய்யும்போது என்ன எழுதித் திருப்ப வேண்டும் என்று கேளுங்கள். சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்து அவரிடம் கேட்பதா என்று தயங்கும் பிள்ளைகள் முதல் வருடம் முழுக்கக் கஷ்டப்படுகிறார்கள்.

அகில இந்திய பார் தேர்வு இன்னும் எழுதாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தற்காலிகப் பதிவின் இரண்டு வருடக் காலத்தைக் கடைசி வரை இழுக்காதீர்கள். கோர்ட் வேலை சூடு பிடித்த பிறகு புத்தகத்தோடு உட்கார நேரம் கிடைக்காது.

மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றால், மாவட்ட கோர்ட்டுகளில் டிரயல் பார்க்கும் ஜூனியர்களுக்கு ஐந்துக்கு நான்கு. உயர் நீதிமன்றத்தில் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று. அங்கே அன்றாடப் பட்டியலுக்கு உயர் நீதிமன்றத்தின் சொந்த இணையதளத்தையே நான் முதலில் பார்க்கிறேன். ஒப்பந்தம், கம்பெனி வேலை மட்டும் பார்க்கும் ஆபீசில் சேர்ந்தவர்களும் எதிர்த்தரப்பு மேல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க இதை வைத்துக்கொள்ளலாம். செயலியைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் கையேட்டை இ-கமிட்டி 2021இல் தமிழிலும் வெளியிட்டது. இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். படித்துவிட்டு, ஆபீசில் உள்ள ஏதாவது ஒரு பழைய கட்டை எடுத்து, சி.என்.ஆர். எண்ணை அடித்து, முதல் வாய்தாவிலிருந்து கடைசி வாய்தா வரை ஒவ்வொரு தேதியையும் தொட்டுப் படித்துப் பாருங்கள். புரியாத வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மறுநாள் உங்கள் சீனியரிடம் கேளுங்கள்.